முதியோர் விழுதல்: சமநிலையை அளக்கக் கற்ற வரலாறு

முதியோரின் சமநிலையையும் விழும் இடரையும் மதிப்பிடுதல் என்பது, வயதான ஒருவர் நிற்கும்போதும் நடக்கும்போதும் திரும்பும்போதும் தம் உடலை எந்த அளவுக்கு நிலைநிறுத்திக்கொள்கிறார், அவர் கீழே விழும் வாய்ப்பு எவ்வளவு, அதைக் குறைக்க என்ன செய்யலாம் என்று அறியும் மருத்துவ முறையாகும். உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கின்றனர். தற்செயல் காயங்களால் நேரும் இறப்புகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் விழுதலுக்கே உரியது. இவ்வாறு இறப்போரில் 60 வயதைக் கடந்தவர்களே மிகுதி.

இவ்வளவு பெரிய சிக்கலாக இருந்தும், நெடுங்காலம் மருத்துவம் இதனைக் கண்டுகொள்ளவில்லை. முதியவர் விழுந்தால் உடைந்த எலும்பைக் கட்டுவார்கள். அவர் ஏன் விழுந்தார் என்று கேட்க மாட்டார்கள். வயதானால் விழுவது இயல்பு என்ற எண்ணமே அதற்குக் காரணம். அந்த எண்ணம் மாறியது கடந்த முக்கால் நூற்றாண்டுக்குள்தான். மாற்றத்திற்குப் பெரிய கருவிகள் தேவைப்படவில்லை. ஒரு நாற்காலி, ஒரு கடிகாரம், பொறுமையாகக் கேட்கப்பட்ட சில கேள்விகள் ஆகியவையே பெரும்பாலும் போதுமானவையாக இருந்தன.

== சமநிலை என்றால் என்ன? ==

மனிதன் அசையாமல் நிற்பதாகத் தோன்றினாலும் உடல் எப்போதும் சிறிதளவு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கிறது. அந்த ஆட்டத்தை மூளை இடைவிடாது திருத்துகிறது. அதற்கு மூன்று வழிகளில் செய்தி கிடைக்கிறது. கண் சுற்றுப்புறத்தைக் காட்டுகிறது. உட்செவியிலுள்ள அரைவட்டக் குழல்களும் அவற்றை ஒட்டிய உறுப்புகளும் தலையின் அசைவை உணர்த்துகின்றன. பாதம், மூட்டு, தசை ஆகியவற்றிலுள்ள நரம்புகள் கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்று தெரிவிக்கின்றன. மூளை இவற்றைச் சேர்த்துப் பார்த்துத் தசைகளுக்குக் கட்டளையிடுகிறது.

ஒரு வழி குறைந்தால் மற்ற இரண்டும் ஈடுசெய்யும். முதுமையில் மூன்றும் சிறிது சிறிதாகக் குறைகின்றன; தசையின் வலிமையும் குறைகிறது; மூளை பதிலளிக்கும் வேகமும் தளர்கிறது. அதனால் ஒரே ஒரு காரணத்தால் விழும் முதியவர் குறைவு. பல சிறு குறைகள் ஒன்றுசேர்ந்தே அவரை வீழ்த்துகின்றன. இந்த எளிய உண்மையை மருத்துவ உலகம் எண்களோடு நிறுவ 1980கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

== கண்ணை மூடி நிற்கும் சோதனை ==

சமநிலைச் சோதனையின் தொடக்கம் முதியோரிடம் இல்லை. நரம்பு நோயாளிகளிடம் இருக்கிறது. 1836ஆம் ஆண்டில் ஆங்கிலேய மருத்துவர் மார்ஷல் ஹால் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். தரையைப் பார்த்தபடி அவரால் நடக்க முடிந்தது, இருட்டில் தள்ளாடினார். பெர்லின் நகர மருத்துவர் மோரிட்ஸ் ஹைன்ரிக் ரோம்பெர்க், 1840 முதல் 1846 வரை பகுதி பகுதியாக வெளிவந்த தம் நரம்பு நோய் நூலில் இதனைத் தெளிவாக விளக்கினார். தண்டுவடம் பாதிக்கப்பட்ட நோயாளியைக் கால்களைச் சேர்த்து நிற்கச் சொல்லி, பிறகு கண்ணை மூடச் சொன்னால், அவர் உடனே ஆடத் தொடங்குவார். இதுவே இன்றும் ‘ரோம்பெர்க் சோதனை’ எனப்படுகிறது.

அந்த நோய் பெரும்பாலும் சிபிலிஸ் என்னும் பால்வினை நோயின் பின்விளைவாகும். அது கால்களிலிருந்து மூளைக்குச் செல்லும் நிலையுணர்வைச் சிதைத்துவிடும். கண் திறந்திருக்கும்வரை பார்வை அந்தக் குறையை மறைக்கும். கண்ணை மூடியதும் குறை வெளிப்பட்டுவிடும்.

சமநிலையில் உட்செவிக்குள்ள பங்கும் அதே நூற்றாண்டில் வெளிப்பட்டது. பிரான்சில் பியர் ஃப்ளூரான்ஸ் 1820களில் புறாக்களின் அரைவட்டக் குழல்களை வெட்டிப் பார்த்தபோது, அவற்றின் அசைவும் நிலையும் குலைந்தன. 1861இல் பாரிஸ் மருத்துவர் புரோஸ்பர் மெனியர், தலைசுற்றல் உட்செவியிலிருந்தும் வரலாம் என்று காட்டினார். இத்துறை ஆய்வுக்காக ராபர்ட் பாரனிக்கு 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது. முதல் உலகப் போரில் ரஷ்யர்களிடம் சிக்கிப் போர்க் கைதியாக இருந்தபோதுதான் அவருக்கு அந்தச் செய்தி கிட்டியது.

இவை அனைத்தும் நோயைக் கண்டறியும் முயற்சிகள். நோய் என்று தனியாக எதுவும் இல்லாமலேயே தடுமாறும் முதியவர் இந்த மருத்துவர்களின் பார்வையில் படவில்லை.

== முதியோர் மருத்துவத்தின் பிறப்பு ==

முதியோரைத் தனியே கவனிக்கும் மருத்துவம் இங்கிலாந்தில் வேரூன்றியது. 1935இல் லண்டனை அடுத்த வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில், பக்கத்து ஏழையர் விடுதியைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான நோயாளிகளின் பொறுப்பு மார்ஜரி வாரன் என்ற மருத்துவரிடம் வந்தது. அவர்களில் பலர் ஆண்டுக்கணக்காகப் படுக்கையிலேயே கிடந்தவர்கள். வாரன் ஒவ்வொருவரையும் பரிசோதித்தார். எழுந்து நிற்கவும் நடக்கவும் பயிற்சி அளித்தார். பலர் வீடு திரும்பினர். படுக்கையில் கிடப்பது முதுமையின் கட்டாயம் அன்று என்பதை அவரது பணி காட்டியது.

அடுத்த தலைமுறையைச் சேர்ந்த பெர்னார்ட் ஐசக்ஸ், முதுமையின் பெருஞ்சிக்கல்களை நான்காகத் தொகுத்தார்: நடமாட்டமின்மை, நிலையின்மை, சிறுநீர் மலம் அடக்க இயலாமை, அறிவுத்திறன் குறைதல். இவற்றை அவர் முதியோர் மருத்துவத்தின் ‘பூதங்கள்’ என்று அழைத்தார். விழுதல் இப்படியாக ஒரு விபத்து என்ற நிலையிலிருந்து ஆராய வேண்டிய சிக்கல் என்ற நிலைக்கு உயர்ந்தது.

== ஷெல்டனின் 500 விழுதல்கள் ==

இந்த வரலாற்றில் தனியிடம் பெறுபவர் ஜோசப் ஷெல்டன். இவர் இங்கிலாந்தின் தொழில் நகரமான உல்வர்ஹாம்ப்டனில் மருத்துவராக இருந்தார். மருத்துவமனைக்கு வரும் முதியோரை மட்டும் பார்த்தால் முதுமையின் உண்மை நிலை தெரியாது என்று எண்ணிய அவர், நகரில் வாழ்ந்த ஐந்நூறுக்குச் சற்றுக் குறைவான முதியோரை அவர்களின் வீடுகளிலேயே ஆராய்ந்தார். அந்த ஆய்வு 1948இல் நூலாக வெளிவந்தது.

1960இல் அவர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரை 202 பேருக்கு நேர்ந்த 500 விழுதல்களை ஆராய்ந்தது. ஒவ்வொன்றும் எவ்வாறு நேர்ந்தது என்று கேட்டு அவர் வகைப்படுத்தினார்.

* தற்செயலாக நேர்ந்தவை 171. இவற்றுள் மாடிப்படியில் விழுந்தவையும் அடங்கும்.
* நினைவு தப்பாமலேயே கால்கள் திடீரென்று மடங்கி விழுந்தவை 125.
* கால் தடுக்கி விழுந்தவை 53.
* தலைசுற்றலால் விழுந்தவை 37.
* அண்ணாந்து பார்த்தபோது விழுந்தவை 20.
* எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் குறைந்து விழுந்தவை 18.

எஞ்சியவை நரம்புக் கோளாறு, கால் வலுவின்மை, கட்டிலிலிருந்தோ நாற்காலியிலிருந்தோ விழுதல் முதலிய காரணங்களால் நேர்ந்தவை. காரணம் தெரியாதவை 23 மட்டுமே. ‘கால் தவறி விழுந்துவிட்டார்’ என்று ஒரே வரியில் முடிந்துபோன செய்திக்குள் இத்தனை வகைகள் இருப்பதை இந்தக் கணக்கு காட்டியது. வகை தெரிந்தால் தடுக்கும் வழியும் தெரியும். அண்ணாந்து பார்க்கும்போது விழுபவருக்கு உயரமான அலமாரியிலுள்ள பொருளைக் கீழே இறக்கி வைப்பதே மருந்து. எழும்போது தலை கிறுகிறுப்பவருக்கு அவர் உண்ணும் மாத்திரைகளை மறுபார்வை செய்ய வேண்டும்.

== நாற்காலியும் கடிகாரமும் ==

1986ஆம் ஆண்டில் இரண்டு எளிய சோதனைகள் வெளிவந்தன.

முதலாவது பர்மிங்காமில் பேராசிரியராக இருந்த ஐசக்ஸும் அவருடைய உடனாய்வாளர்களான மத்தியாஸ், நாயக் ஆகியோரும் உருவாக்கிய ‘எழுந்து நட’ சோதனை. முதியவர் கைப்பிடி உள்ள நாற்காலியிலிருந்து எழ வேண்டும். சற்று நிற்க வேண்டும். சிறிது தூரம் நடந்து, திரும்பி வந்து, மீண்டும் அமர வேண்டும். பார்ப்பவர் 1 முதல் 5 வரை மதிப்பெண் இடுவார். 1 என்றால் இயல்பு. 5 என்றால் கடும் குறைபாடு. அன்றாட வாழ்வில் முதியோர் தடுமாறும் இடங்கள் அனைத்தும் இந்தச் சிறு செயலில் அடங்கியிருந்தன. ஆனால் இடைப்பட்ட மதிப்பெண்களில் பார்ப்பவருக்குப் பார்ப்பவர் கருத்து வேறுபட்டது.

கனடாவின் மாண்ட்ரியல் நகரில் டயேன் போட்சியாட்லோ, சாண்ட்ரா ரிச்சர்ட்சன் ஆகியோர் இந்தக் குறையைத் தீர்த்தனர். 1991இல் அவர்கள் மதிப்பெண்ணை நீக்கிவிட்டு நேரத்தை அளந்தனர். நடக்க வேண்டிய தூரம் 3 மீட்டர் என்று வரையறுக்கப்பட்டது. கைத்தடி பயன்படுத்துபவர் அதனுடனேயே நடக்கலாம். அவர்களது ஆய்வில் நலமாக இருந்த முதியோர் 10 நொடிக்குள் முடித்தனர். 30 நொடிக்கு மேல் எடுத்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் அன்றாட வேலைகளுக்குப் பிறர் துணையை நாடியவர்கள். ‘நேரமிட்ட எழுந்து நட’ எனப்படும் இச்சோதனை இன்று உலகெங்கும் செய்யப்படுகிறது.

1986இன் இரண்டாவது சோதனை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர் மேரி டினெட்டி உருவாக்கியது. அது சமநிலையையும் நடையையும் தனித்தனியே பார்த்தது. பின்னர் பரவலான வடிவத்தில் சமநிலைக்கு 16, நடைக்கு 12 என மொத்தம் 28 மதிப்பெண்கள். அடியின் நீளம், பாதம் தரையிலிருந்து எழும் விதம், மார்பில் மெதுவாகத் தள்ளும்போது நிலைகொள்ளும் விதம் ஆகியவை அதில் கவனிக்கப்படும்.

1989இல் கனடாவின் காத்ரின் பெர்க், முதியோரையும் அவர்களுக்குச் சிகிச்சை அளிப்பவர்களையும் கலந்தாலோசித்து ஓர் அளவுகோலை வெளியிட்டார். அதில் 14 செயல்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 4 வீதம் மொத்தம் 56 மதிப்பெண்கள். தரையில் கிடக்கும் பொருளை எடுத்தல், தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தல், ஒற்றைக் காலில் நிற்றல் ஆகியவை அவற்றுள் சில. ரோம்பெர்க்கின் கண்மூடி நிற்கும் சோதனையும் அந்தப் பதினான்கில் ஒன்று. 1990இல் பமீலா டங்கன் குழுவினர் இன்னும் எளிய முறையைத் தந்தனர். சுவரில் ஓர் அளவுகோலைப் பொருத்தி, காலை நகர்த்தாமல் கையை எவ்வளவு தூரம் முன்னே நீட்ட முடிகிறது என்று பார்ப்பதே அது.

== இடர்களைக் கூட்டிப் பார்த்தல் ==

டினெட்டி 1988இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் திருப்புமுனையாகக் கருதப்படுகிறது. 75 வயதைக் கடந்து தம் வீடுகளில் வாழ்ந்த 336 பேரை அவரது குழு ஓராண்டு கவனித்தது. அவர்களில் 108 பேர், அதாவது 32 விழுக்காட்டினர், ஒரு முறையேனும் விழுந்தனர். தூக்க மருந்து உண்ணுதல், நினைவாற்றல் குறைதல், கால்களின் இயலாமை, நடை மற்றும் சமநிலைக் குறைபாடு, பாதக் கோளாறு முதலியவை இடர்க் காரணிகளாகத் தெரியவந்தன.

இவற்றில் ஒன்றும் இல்லாதவர்களில் 8 விழுக்காட்டினரே விழுந்தனர். நான்கோ அதற்கு மேலோ இருந்தவர்களில் விழுந்தோர் 78 விழுக்காடு. இந்த இரு எண்களுக்கும் இடையிலுள்ள தொலைவுதான் நம்பிக்கைக்கு இடம் தந்தது. காரணிகளில் பல மாற்றக்கூடியவை. எல்லாவற்றையும் நீக்க முடியாவிட்டாலும், ஒன்றிரண்டைக் குறைத்தாலே விழும் வாய்ப்பும் குறைய வேண்டும் அல்லவா?

அதையும் டினெட்டி சோதித்துப் பார்த்தார். 1994இல் வெளியான ஆய்வில் 70 வயதைக் கடந்த 301 பேர் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு மருந்துகள் சீரமைக்கப்பட்டன. உடற்பயிற்சியும் பிற ஆலோசனைகளும் தரப்பட்டன. ஓராண்டில் அவர்களில் 35 விழுக்காட்டினர் விழுந்தனர். வழக்கமான கவனிப்பும் வீட்டுச் சந்திப்புகளும் மட்டும் பெற்ற மறு பிரிவில் 47 விழுக்காட்டினர் விழுந்தனர். விழுதலைத் தடுக்க முடியும் என்பதற்கு இது வலுவான சான்றாக அமைந்தது.

== அச்சமும் கவனமும் ==

உடலை மட்டும் அளந்தால் போதாது என்பதும் இதே காலத்தில் புரிந்தது. விழுந்த சிலர் காயம் ஆறிய பின்னும் நடக்க அஞ்சி, எதையாவது பற்றிக்கொண்டே நகர்வதை ஐசக்ஸ் 1982இல் மர்ஃபி என்பவருடன் சேர்ந்து விவரித்தார். அஞ்சுபவர் நடமாட்டத்தைக் குறைப்பார். நடமாட்டம் குறைந்தால் தசை மெலியும். தசை மெலிந்தால் மீண்டும் விழுவார். இந்தச் சுழலை அளக்க, குளித்தல், உடை மாற்றுதல் முதலிய வேலைகளை விழாமல் செய்ய முடியும் என்ற நம்பிக்கை எவ்வளவு என்று கேட்கும் வினாத்தாளை 1990இல் டினெட்டி குழு உருவாக்கியது.

சுவீடனின் உமேயோ நகரில் லுண்டின்-ஓல்சன் குழுவினர் 1997இல் மற்றொன்றைக் கவனித்தனர். முதியோர் இல்லவாசிகள் 58 பேரில் 12 பேர், நடந்துகொண்டிருக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் நின்றுவிட்டுத்தான் பதில் சொன்னார்கள். அந்தப் 12 பேரில் 10 பேர் அடுத்த ஆறு மாதங்களுக்குள் விழுந்தனர். நடை தானாக நிகழும் செயல் போலத் தோன்றினாலும், சமநிலை குறைந்தவர் அதற்குத் தம் கவனம் முழுவதையும் செலவிட வேண்டியிருக்கிறது என்பதை இது உணர்த்தியது. நடந்தபடியே எண்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லும் இன்றைய சோதனைகளும் இந்த எண்ணத்தையே அடிப்படையாகக் கொண்டவை.

== கணிப்பின் எல்லை ==

சோதனைகள் பெருகியபோது ஒரு சறுக்கலும் நேர்ந்தது. யார் விழுவார் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை வளர்ந்தது. கனடாவின் ஜேனிஸ் மோர்ஸ், மருத்துவமனையில் விழுந்த 100 நோயாளிகளையும் விழாத 100 நோயாளிகளையும் ஒப்பிட்டு, ஆறு வினாக்கள் கொண்ட அளவுகோலை 1980களில் உருவாக்கினார். இங்கிலாந்தில் டேவிட் ஆலிவர் குழு 1997இல் ஐந்து வினாக்கள் கொண்ட ஒன்றை வெளியிட்டது. இத்தகைய படிவங்கள் பல நாட்டு மருத்துவமனைகளில் செவிலியரின் அன்றாடப் பணியாயின.

பிற்கால ஆய்வுகள் அந்த நம்பிக்கையைத் தளர்த்தின. நேரமிட்ட சோதனை பற்றிய பல ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து 2014இல் வெளியான கட்டுரை, 13.5 நொடி என்ற எல்லையை வைத்தால், விழப்போகும் 100 பேரில் ஏறத்தாழ 31 பேரை மட்டுமே அது சுட்டும் என்று கண்டது. மற்றவர்கள் ‘இடர் இல்லை’ என்ற பட்டியலில் சேர்ந்துவிடுவார்கள். சோதனையில் நன்றாக நடந்தவர் நள்ளிரவில் கழிவறைக்குச் செல்லும்போது ஈரத்தரையில் வழுக்கலாம். அதை நாற்காலியும் கடிகாரமும் சொல்லா.

2013இல் பிரிட்டனின் தேசிய வழிகாட்டு அமைப்பான நைஸ், மருத்துவமனை உள்நோயாளிகளிடம் இத்தகைய கணிப்பு அளவுகோல்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவுறுத்தியது. 65 வயதைக் கடந்த எல்லா உள்நோயாளிகளையும் இடர் உள்ளவர்களாகவே கருதி, ஒவ்வொருவரிடமும் மாற்றக்கூடிய காரணிகளைத் தேடும்படி அது கூறியது. ஆஸ்திரேலியாவின் 6 மருத்துவமனைகளில் 24 பிரிவுகளில் நடந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. இடர் மதிப்பெண் இட்டு, எச்சரிக்கைப் பலகை உள்ளிட்ட ஆறு வகை ஏற்பாடுகளைச் செய்தும் விழுதல்கள் குறையவில்லை.

அமெரிக்காவில் 5,451 முதியோரிடம் நடந்து 2020இல் வெளியான பெரிய ஆய்விலும், செவிலியர் வழிநடத்திய தடுப்புத் திட்டம் கடுங்காயங்களைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்ததாக நிறுவ முடியவில்லை. காரணங்களைக் கண்டறிவதற்கும் அவை உண்மையில் சரிசெய்யப்படுவதற்கும் இடையே நீண்ட வழி இருக்கிறது.

== பயன் தந்தவை ==

உறுதியான பலன் தந்தவற்றில் முதலிடம் உடற்பயிற்சிக்கு உண்டு. நியூசிலாந்தின் ஒடாகோ பகுதியில் 80 வயதைக் கடந்த 233 பெண்களிடம் நடந்த ஆய்வு 1997இல் வெளியானது. வீட்டிலேயே கால் வலுவுக்கும் சமநிலைக்கும் பயிற்சி செய்த பிரிவில் ஓராண்டில் 88 விழுதல்களும், மறு பிரிவில் 152 விழுதல்களும் நேர்ந்தன. 108 ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான காக்ரேன் அறிக்கை, உடற்பயிற்சி விழுதல் வீதத்தை ஏறத்தாழ 23 விழுக்காடு குறைக்கிறது என்று தெரிவித்தது.

மருந்துக் குறைப்பும் பலன் தந்தது. 1999இல் வெளியான நியூசிலாந்து ஆய்வில், தூக்க மருந்து முதலிய மனநல மருந்துகளை மருத்துவக் கண்காணிப்பில் படிப்படியாக நிறுத்தியபோது விழுதல் 66 விழுக்காடு குறைந்தது. ஆனால் முழுமையாக நிறுத்திய 17 பேரில் 8 பேர் ஆய்வு முடிந்த ஒரு மாதத்திற்குள் மீண்டும் உண்ணத் தொடங்கினர். பழகிய மாத்திரையைக் கைவிடுவது எளிதன்று. மருத்துவரைக் கேளாமல் தாமாக நிறுத்துவதும் தீங்கு தரும்.

== இன்றைய நடைமுறை ==

அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் திட்டம் மூன்று கேள்விகளில் தொடங்குகிறது.

* கடந்த ஓராண்டில் விழுந்தீர்களா?
* நிற்கும்போதோ நடக்கும்போதோ தடுமாற்றம் உண்டா?
* விழுந்துவிடுவோம் என்ற கவலை உண்டா?

ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் அடுத்த கட்டச் சோதனைக்குச் செல்ல வேண்டும். அக்கட்டத்தில் நேரமிட்ட எழுந்து நட சோதனை, 30 நொடியில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழ முடிகிறது என்ற சோதனை, நான்கு நிலைகளில் பத்துப் பத்து நொடி நிற்கும் சோதனை ஆகியவை இடம்பெறும்.

2022இல் வெளியான உலக வழிகாட்டுதல்கள், முதியோரிடம் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுதல் பற்றி மருத்துவப் பணியாளரே கேட்க வேண்டும் என்கின்றன. முதியோர் தாமாகச் சொல்லத் தயங்குவார்கள். விழுந்தது தெரிந்தால் தனியே வாழ விடமாட்டார்கள், வெளியே போக விடமாட்டார்கள் என்ற அச்சம் அவர்களுக்கு உண்டு. நடைவேகம் நொடிக்கு 0.8 மீட்டரோ அதற்குக் குறைவோ இருந்தாலும், அதற்கு மாற்றாகச் செய்யும் நேரமிட்ட சோதனைக்கு 15 நொடிக்கு மேல் ஆனாலும் கூடுதல் கவனம் தேவை. விழுந்து காயமடைந்தவர், ஓராண்டில் இரு முறையோ அதற்கு மேலோ விழுந்தவர், விழுந்தபின் எழ முடியாமல் கிடந்தவர், நினைவிழந்தவர் ஆகியோர் உயர் இடர்ப் பிரிவினர். அவர்களுக்குப் பார்வை, படுத்தும் நின்றும் எடுக்கும் இரத்த அழுத்தம், மருந்துகள், பாதமும் காலணியும், நினைவாற்றல், வீட்டின் வெளிச்சமும் தரையும் என ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும்.

ரோம்பெர்க் காலத்தில் சமநிலைச் சோதனை நோயின் பெயரைத் தேடியது. பின்னர் அது மதிப்பெண்ணைத் தேடியது. இன்று அது மாற்றக்கூடிய காரணங்களைத் தேடுகிறது. சோதனையின் முடிவில் கிடைக்கும் எண் ஒருவர் விழுவாரா மாட்டாரா என்று கூறும் சோதிடம் அன்று. அவருக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்கத் தொடங்கும் இடமே அது.